போஸ்ட்கிரெஸ் மூலநிரலுக்குள் ஒரு பிழைச்செய்தியைத் துரத்துவது: எந்தக் கருவி எதற்கு?

#1 · புதுக்கிளை

வணக்கம். போஸ்ட்கிரெஸ் 16 டேட்டாபேஸ், ரிப்பீட்டபிள் ரீட் ஐசொலேஷன் (டிரான்சாக்ஷன் முழுவதும் ஒரே ஸ்னாப்ஷாட்டைப் பார்க்கும் நிலை). ஒரு டேபிளில் இன்சர்ட் மட்டும்தான் செய்கிறோம். ஆனால் அவ்வப்போது "குட் நாட் சீரியலைஸ் ஆக்சஸ் டியூ டு கன்கரண்ட் அப்டேட்" என்ற பிழை வந்து டிரான்சாக்ஷன் கவிழ்கிறது. இன்சர்ட்டில் அப்டேட் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும்.

திரும்ப முயன்றால் போய்விடும் என்பது தெரியும். காரணத்தைக் கோடிலேயே பார்க்க விரும்புகிறேன். சி மொழி தெரியும், ஆனால் பத்து லட்சம் வரிக்கு மேல் உள்ள இந்தக் கோடுக்குள் இதற்குமுன் போனதில்லை. செய்தியைத் தேடினால் நூற்றுக்கணக்கில் விடை வருகிறது. கோடை இண்டெக்ஸ் செய்யும் சிடேக்ஸ், சிஸ்கோப், எடிட்டருக்குக் கோடை விளக்கும் கிளாங்டி, உரையைத் தேடும் ரிப்கிரெப் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுத்து எங்கே தொடங்குவது?

#2 · நிறுத்தப்புள்ளி

கருவி பிறகு. முதலில் சர்வரையே கேளுங்கள். பிழை எந்த ஃபைலில், எந்த ஃபங்ஷனில், எந்த வரியில் எழுந்தது என்பது அதற்குத் தெரியும். நாம் கேட்காததால் சொல்லாமல் இருக்கிறது.

சர்வர் லாகில் வேண்டுமானால் கான்ஃபிக் ஃபைலில் "லாக்_எரர்_வெர்பாசிட்டி" என்பதை "வெர்போஸ்" ஆக்கி ரீலோட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் வேண்டாம். பிஎஸ்க்யூஎல் (கட்டளைவரி கிளையண்ட்) உள்ளே பிழை வந்தால், வந்தவுடனே பின்சாய்கோடு போட்டு "எர்வெர்போஸ்" என்று அடித்தால் போதும். "லொகேஷன்" என்று தொடங்கும் ஒரு வரி கிடைக்கும்: ஃபங்ஷன் பெயர், ஃபைல் பெயர், வரி எண். டிஸ்ட்ரோ தரும் பேக்கேஜிலும் இது வேலை செய்யும். டீபக் சிம்பல் (பைனரி முகவரியைக் கோடின் பெயர், வரியோடு இணைக்கும் தகவல்) தேவையில்லை.

அந்த வரி எண் பொருந்த வேண்டுமென்றால் கோடும் அதே பதிப்பாக இருக்க வேண்டும். "செலக்ட் வெர்ஷன்" 16.4 என்று சொன்னால் "ஆர்இஎல்_16_4" என்ற கிட் டேகை செக்அவுட் செய்யுங்கள். மாஸ்டர் கிளையைத் திறந்து வைத்துக்கொண்டு வரி எண்ணைப் பார்ப்பதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு.

#3 · வரித்தேடல்

நூற்றுக்கணக்கில் விடை வருவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, மொழிபெயர்ப்புக்கான பிஓ ஃபைல்கள்: ஒவ்வொரு மொழிக்கும் ஒரு ஃபைல், எல்லாவற்றிலும் மூலச்செய்தி இருக்கும். இரண்டு, சோதனைகளின் எதிர்பார்க்கும் வெளியீட்டைச் சேமித்த அவுட் ஃபைல்கள். சி ஃபைல்களில் மட்டும் தேடுங்கள். ரிப்கிரெப்பில் "-டி சி" என்று கொடுத்தால் போதும். சட்டென்று சுருங்கிவிடும்: நோட்மாடிஃபைடேபிள், நோட்லாக்ரோஸ், டிரிக்கர். மூன்றும் பேக்எண்ட் (சர்வர்) அடைவுக்குள் இருப்பவை.

வடிகட்டிய அவுட் ஃபைல்களைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். "சோர்ஸ்/டெஸ்ட்/ஐசொலேஷன்" கீழே உள்ளவை இரண்டு மூன்று செஷன்களை எந்த வரிசையில் ஓட்டினால் என்ன பிழை வரும் என்று எழுதிய ஸ்பெக் ஃபைல்களின் வெளியீடு. உங்கள் பிழையை மீண்டும் வரவழைக்க அதைவிட நல்ல மாதிரி கிடையாது. "எஃப்கே" என்று பெயர் தொடங்கும் ஸ்பெக்குகள் பல உண்டு. உங்கள் டேபிளில் ஃபாரின் கீ (வேறு டேபிளின் வரியைச் சுட்டும் பத்தி) இருந்தால் அவற்றைத் தவறாமல் பாருங்கள்.

பொதுவாகப் பிழைச்செய்தியைத் தேடும்போது சிக்கும் இடம் ஒன்று. "ரிலேஷன் ஆர்டர்ஸ் டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என்று முழுதாகத் தேடினால் ஒன்றும் வராது. கோடில் டேபிள் பெயருக்குப் பதில் சதவீதக்குறியும் எஸ்ஸும் இருக்கும். அதைச் சுற்றிய மேற்கோள்குறிகளுக்கு முன் பின்சாய்கோடும் இருக்கும். மாறாத துண்டை மட்டும் எடுத்துத் தேட வேண்டும். சர்வரின் செய்தி வேறு மொழியில் வந்தால், அந்த மொழியின் பிஓ ஃபைலில் அதைத் தேடி, மேலே இருக்கும் "எம்எஸ்ஜிஐடி" வரியை எடுத்துக்கொண்டு சி ஃபைலுக்கு வாருங்கள்.

#4 · குறியீட்டுவேலன்

இதெல்லாம் சரி, ஆனால் இடம் தெரிந்த பிறகு படிக்க வேண்டுமே. அதற்கு கிளாங்டி இல்லாமல் இந்த அளவு கோடில் நடமாடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது போல. வழி இதுதான்:

பதிப்பு 16-இலிருந்து மெசான் பில்ட் இருக்கிறது. மூல அடைவில் "மெசான் செட்அப் பில்ட்" அடித்து, பில்ட் டைப்பை "டீபக்" ஆகவும், "கேசர்ட்" விருப்பத்தை "ட்ரூ" ஆகவும், ப்ரீஃபிக்ஸை உங்கள் ஹோமுக்குள் ஓர் இடமாகவும் கொடுங்கள். பிறகு நிஞ்சா (கம்பைலை ஓட்டும் கருவி). "கம்பைல்_கமாண்ட்ஸ்.ஜேசன்" பில்ட் அடைவில் தானாக உருவாகும்; எந்த ஃபைல் எப்படிக் கம்பைல் ஆகிறது என்று கிளாங்டி அறிவது இதிலிருந்துதான். கிளாங்டி ஒவ்வொரு மேலடைவிலும், அதற்குள் "பில்ட்" என்ற அடைவிலும் அதைத் தேடும். ஆகவே அடைவின் பெயரை மாற்றாமல் விட்டால் சிம்லிங்க்கூட வேண்டாம்.

மூன்று இடங்களில் தடுக்கும்.

மெசான் "நான்-கிளீன் சோர்ஸ் கோட் டைரக்டரி" என்று நின்றால், அதே அடைவில் முன்பு கான்ஃபிகர் ஓட்டியிருக்கிறீர்கள். "மேக் டிஸ்ட்கிளீன்" செய்துவிட்டு வாருங்கள்.

எடிட்டரில் எங்கு பார்த்தாலும் சிவப்புக் கோடு என்றால், செட்அப் மட்டும் செய்துவிட்டு நிஞ்சா ஓட்டவில்லை. பிழை எண்கள், நோட் டேகுகள் போன்ற பல ஹெடர்கள் பில்டின்போது உருவாகுபவை. ஒருமுறை முழுதாகக் கம்பைல் செய்த பிறகே கிளாங்டியைத் திறக்க வேண்டும்.

15 அல்லது அதற்கு முந்தைய பதிப்பு, மேக் மட்டும்தான் என்றால், "பேர்" கருவியை முன்னால் போட்டு மேக்கை ஓட்டுங்கள் (பதிப்பு 3-இல் இடையில் இரட்டைக் கோடு கட்டாயம்). ஏற்கெனவே கம்பைல் ஆகியிருந்தால் மேக் ஒன்றும் செய்யாது, பேருக்குப் பதிய ஒன்றும் இருக்காது, ஜேசன் காலியாக வரும். முதலில் "மேக் கிளீன்".

#5 · வரித்தேடல்

வேலன் சொன்ன அமைப்பு நல்லதுதான். ஆனால் கிளாங்டி பார்ப்பது நீங்கள் கம்பைல் செய்த கோடை மட்டும். விண்டோஸுக்கான இஃப்டெஃப் (நிபந்தனையோடு கம்பைல் ஆகும்) பகுதிகள் அதற்கு இல்லாதவை. ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றும் முன் "எல்லாக் குறிப்புகளையும் காட்டு" என்று கேட்டால் அவை விடுபடும். உரைத்தேடல் விடாது. சிஸ்கோப்பும் இஃப்டெஃப் பார்க்காமல் எல்லாவற்றையும் எடுக்கும்.

போஸ்ட்கிரெஸின் எழுத்துநடை உரைத்தேடலுக்கென்றே அமைந்தது போல இருக்கும். ஃபங்ஷன் வரையறையில் திரும்பும் வகை ஒரு வரியில், ஃபங்ஷன் பெயர் அடுத்த வரியின் தொடக்கத்தில். ஆகவே வரித்தொடக்கக் குறியோடு பெயரைத் தேடினால் வரையறை மட்டும் வரும். அழைப்புகளும் ஹெடர் அறிவிப்புகளும் வராது. இண்டெக்ஸ் எதுவும் கட்டாமல் இரண்டு நொடியில் வேலை முடியும்.

ரிப்கிரெப்பின் பொறி ஒன்று: கிட்இக்னோரில் இருப்பதை அது தொடாது. பார்சரின் "கிராம்.சி", ஃபங்ஷன் அட்டவணையான "எஃப்எம்ஜிஆர்டேப்.சி" இரண்டும் உருவாக்கப்படும் ஃபைல்கள், கிட்டில் இல்லை. அவற்றுக்குள் தேட "-யு" கொடுக்க வேண்டும். கிட் கிரெப்பும் அப்படியே, கிட்டில் சேர்த்ததை மட்டும்தான் பார்க்கும். ஆனால் அதில் "-டபிள்யூ" (பெரிய எழுத்து) கொடுத்தால் விடை இருக்கும் ஃபங்ஷன் முழுவதையும் காட்டும். கடைசியில் கிளைப் பெயரைச் சேர்த்தால் செக்அவுட் செய்யாமலே அந்தக் கிளைக்குள் தேடும். பதிப்புகளுக்கிடையே ஒப்பிட இதைவிடச் சுலபமான வழி இல்லை.

#6 · புதுக்கிளை

நன்றி, எல்லோருக்கும். லொகேஷன் வரி வந்துவிட்டது: "எக்ஸெக்லாக்ரோஸ்", ஃபைல் நோட்லாக்ரோஸ். எக்ஸெக்அப்டேட் என்று வரும் என்று நினைத்திருந்தேன்.

கிளாங்டியும் அமைத்தாயிற்று. ஆனால் எக்ஸெக்லாக்ரோஸை யார் அழைக்கிறார்கள் என்று கேட்டால், அதே ஃபைலில் ஓர் இடத்தைத்தான் காட்டுகிறது. அதுவும் அழைப்பு இல்லை, ஓர் அசைன்மெண்ட். சிஸ்கோப்பில் அழைப்பவர் யாருமே இல்லை. இண்டெக்ஸ் சரியாகக் கட்டப்படவில்லையா?

#7 · நிறுத்தப்புள்ளி

இண்டெக்ஸ் சரியாகத்தான் இருக்கிறது. அந்த ஃபங்ஷனைப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. நீங்கள் பார்த்த அந்த அசைன்மெண்ட்தான் விடை.

எக்ஸிக்யூட்டரில் (குவெரியை ஓட்டும் பகுதி) ஒவ்வொரு பிளான் நோடும் (குவெரித் திட்டத்தின் ஒரு படி) "எக்ஸெக்ப்ராக்நோட்" என்ற ஃபங்ஷன் பாயிண்டரைச் சுமந்திருக்கும். அந்தந்த நோடின் இனிட் ஃபங்ஷன் அதில் தன் ஃபங்ஷனை வைக்கும். மேலே இருப்பவர் பாயிண்டர் வழியாக அழைப்பார். ஆகவே கேள்வியை இரண்டாக உடைக்க வேண்டும்: இந்தப் பாயிண்டரில் யார் எழுதுகிறார்கள்? இதை யார் அழைக்கிறார்கள்? முதலாவதுக்கு "எக்ஸெக்ப்ராக்நோட் =" என்று சமக்குறியோடு சேர்த்துத் தேடுங்கள்; எல்லா நோட் வகைகளும் ஒரு பட்டியலாக வந்து நிற்கும். சிஸ்கோப்பில் "அசைன்மெண்ட்ஸ் டு திஸ் சிம்பல்" என்ற தேடலும் இதற்கே.

இடையில் ஒரு திருப்பம் உண்டு. முதல் அழைப்பு நேரே போகாது, "எக்ஸெக்ப்ராக்நோட்ஃபர்ஸ்ட்" வழியாகப் போகும். அது ஸ்டாக் ஆழத்தைச் சோதித்துவிட்டு உண்மையான ஃபங்ஷனைப் பாயிண்டரில் வைத்துவிடும். எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் என்றால் நேரம் அளக்கும் வடிவத்தை வைக்கும். பேக்டிரேஸில் (ஃபங்ஷன் அழைப்புகளின் வரிசை) முதல்முறை அந்தப் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

இதே அமைப்பு பல இடங்களில் வரும். பதிப்பு 12-இல் வந்த டேபிள் ஏஎம் (டேபிளின் சேமிப்பு முறையை மாற்ற உதவும் இடைமுகம்) அடுக்கில் "டேபிள்_டப்பிள்_அப்டேட்" என்பது ஒரு சிறிய இன்லைன். அதன் பின்னால் இருக்கும் "ஹீப்ஏஎம்_மெத்தட்ஸ்" என்ற ஸ்ட்ரக்ட்டைப் பார்த்தால்தான் ஹீப் (வழக்கமான சேமிப்பு முறை) பக்கம் போக முடியும். எஸ்க்யூஎல் ஃபங்ஷன்களும் அப்படியே. டெக்ஸ்டுக்கான "லெங்த்" சி கோடில் "டெக்ஸ்ட்லென்". கோடில் லெங்த் என்று தேடினால் கடலில் விழுவீர்கள். பிஜி_ப்ராக் கேட்டலாகில் "ப்ரோசோர்ஸ்" பத்தியைக் கேட்டால் சி ஃபங்ஷனின் பெயர் கிடைக்கும்.

#8 · கர்னல்பக்கம்

லினக்ஸ் கர்னலிலும் இதே சிக்கல்தான். ஃபைல்_ஆபரேஷன்ஸ் ஸ்ட்ரக்ட்டில் "ரீட்_இட்டர்" பாயிண்டருக்கு ஃபைல் சிஸ்டத்துக்கு ஒரு விடை. சிஸ்டம் காலின் பெயரும் "சிஸ்கால்_டிஃபைன்" மேக்ரோவுக்குள் ஒளிந்திருக்கும். வெறும் சிடேக்ஸ் ஓட்டினால் கிடைக்காது. அதற்கான ரெஜெக்ஸ்கள் கர்னலின் சொந்த டேக்ஸ் ஸ்கிரிப்டில் இருக்கின்றன. அதனால் அங்கே "மேக் டேக்ஸ்", "மேக் சிஸ்கோப்" என்றே ஓட்ட வேண்டும். "கம்பைல்ட்_சோர்ஸ்=1" சேர்த்தால், நீங்கள் கம்பைல் செய்த ஃபைல்களை மட்டும் எடுக்கும்; உங்கள் ஹார்டுவேரில் இல்லாத டிரைவர்கள் விடையில் கலக்காது.

பாயிண்டர் எங்கே போகிறது என்பதற்கு அங்கே எஃப்டிரேஸின் "ஃபங்ஷன்_கிராஃப்". ஓடும் கர்னலிலேயே அழைப்பு மரத்தை உள்தள்ளலோடு அச்சிட்டுத் தரும். போஸ்ட்கிரெஸில் அதற்கு இணை என்ன?

#9 · நிறுத்தப்புள்ளி

அந்த அளவுக்கு மரம் தராது. ஆனால் இந்த வேலைக்குப் போதுமானது உள்ளேயே இருக்கிறது. பதிப்பு 13-இலிருந்து "பேக்டிரேஸ்_ஃபங்ஷன்ஸ்" என்று ஒரு செட்டிங். அதில் "எக்ஸெக்லாக்ரோஸ்" என்று எழுதினால், அந்த ஃபங்ஷனுக்குள் பிழை எழும்போதெல்லாம் ஸ்டாக்கை சர்வர் லாகில் எழுதிவிடும். சூப்பர்யூசரோ, பதிப்பு 15-இலிருந்து அதற்கான செட் உரிமை பெற்றவரோ மட்டும் மாற்றலாம். சி ஃபங்ஷன் பெயரைக் கொடுக்க வேண்டும். எழுத்தின் சிறிசு பெரிசு பொருந்த வேண்டும்.

ஸ்டேடிக் ஃபங்ஷன்கள் பெயர் இல்லாமல் கூட்டல் குறியும் பதினாறடிமான எண்ணுமாக வரும். "ஆட்ர்2லைன்" கருவிக்கு "-எஃப் -ஐ -இ" கொடுத்து, போஸ்ட்கிரெஸ் பைனரியையும் அந்த எண்ணையும் தந்தால் பெயரும் வரியும் கிடைக்கும். இதற்கு டீபக் சிம்பல் தேவை.

மாறிகளின் மதிப்பும் வேண்டுமென்றால் ஜிடிபி டீபக்கர். செஷனில் "பிஜி_பேக்எண்ட்_பிஐடி" கேட்டு, அந்த எண்ணோடு "ஜிடிபி -பி". உபுண்டுவில் அனுமதி இல்லை என்று வந்தால் யாமா என்ற பாதுகாப்பு அடுக்கின் "பிடிரேஸ்_ஸ்கோப்" 1-இல் இருக்கிறது. சூடோ போடுங்கள் அல்லது சோதனை இயந்திரத்தில் அதை 0 ஆக்குங்கள். கன்டெய்னர் என்றால் "சிஸ்_பிடிரேஸ்" உரிமை கொடுத்துத் தொடங்க வேண்டும். சிக்யூசர்1 சிக்னலுக்கு "நோபிரிண்ட் நோஸ்டாப் பாஸ்" என்று ஹேண்டில் சொல்லிவிடுங்கள். பேக்எண்டுகள் (ஒவ்வொரு இணைப்புக்குமான சர்வர் ப்ராசஸ்கள்) தங்களுக்குள் பேச அந்தச் சிக்னலைத்தான் பயன்படுத்துகின்றன. சொல்லாவிட்டால் அடிக்கடி நின்றுகொண்டே இருக்கும்.

நோடின் உள்ளே என்ன என்று பார்க்க "கால் பிபிரிண்ட்" பயன்படும். வெளியீடு ஜிடிபி திரையில் வராது, சர்வரின் ஸ்டேண்டர்ட் அவுட்புட்டுக்குப் போகும். லாகில் தேடுங்கள்.

இது எல்லாமே சோதனைச் சர்வரில்தான். உற்பத்திச் சர்வரில் ஜிடிபி வேண்டவே வேண்டாம். ஸ்பின்லாக் (சுழன்று காத்திருக்க வைக்கும் குறுகிய பூட்டு) பிடித்த நிலையில் ஒரு பேக்எண்டை நிறுத்தினால், காத்திருக்கும் மற்றொன்று "ஸ்டக் ஸ்பின்லாக்" என்று பேனிக் ஆகி சர்வர் முழுவதும் விழும்.

#10 · குறியீட்டுவேலன்

வேலன் மீண்டும். மேலே சொன்ன "டீபக்" பில்ட் டைப் இங்கேதான் பலன் தரும். அது ஆப்டிமைசேஷன் 0. வழக்கமான பில்டில் ஸ்டேடிக் ஃபங்ஷன்கள் இன்லைன் ஆகி, பல மாறிகள் "ஆப்டிமைஸ்ட் அவுட்" என்று வரும். மேக்ரோக்களையும் ஜிடிபியில் விரித்துப் பார்க்க "-ஜி3" சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். பிறகு "மேக்ரோ எக்ஸ்பேண்ட்" வேலை செய்யும்.

#11 · புதுக்கிளை

பேக்டிரேஸ் கிடைத்தது. கீழிருந்து மேலாகச் சுருக்கித் தருகிறேன்:

ஸ்டேண்டர்ட்_எக்ஸிக்யூட்டர்ஃபினிஷ் → ஆஃப்டர்டிரிக்கர்எண்ட்குவெரி → ஆஃப்டர்டிரிக்கர்எக்ஸிக்யூட் → எக்ஸெக்கால்டிரிக்கர்ஃபங்க் → ஆர்ஐ_எஃப்கீ_செக்_இன்ஸ் → ஆர்ஐ_பெர்ஃபார்ம்செக் → எஸ்பிஐ_எக்ஸிக்யூட்_ஸ்னாப்ஷாட் → … → எக்ஸெக்லாக்ரோஸ்

ஃபாரின் கீ! லாகின் "கான்டெக்ஸ்ட்" வரியிலும் நாங்கள் எழுதாத ஒரு செலக்ட் இருந்திருக்கிறது, பேரண்ட் டேபிள் (ஃபாரின் கீ சுட்டும் டேபிள்) மேல், கடைசியில் "ஃபார் கீ ஷேர்" என்று. கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

ஆனால் பேரண்ட் டேபிளில் ஐடியை யாரும் மாற்றுவதில்லை. வேறு பத்திகளைத்தான் அப்டேட் செய்கிறார்கள். கீ ஷேர் (வரியின் கீயை மட்டும் காக்கும் பூட்டு) அதோடு மோதக்கூடாது என்றுதானே படித்தேன்?

#12 · வரித்தேடல்

மோதக்கூடாது என்பது சரி, ஒரு நிபந்தனையோடு. கோடைத் திறக்கும் முன் "ஆக்சஸ்/ஹீப்" அடைவில் "ரீட்மீ.டப்லாக்" ஃபைலைப் படியுங்கள். நான்கு வகைப் பூட்டுகளும் எது எதோடு மோதும் என்ற அட்டவணையும் அதில் உள்ளன. போஸ்ட்கிரெஸில் ஆப்டிமைசர், எக்ஸிக்யூட்டர், பஃபர், பிட்ரீ என்று முக்கியமான அடைவுகளில் இப்படி ரீட்மீ உண்டு. கோடை எழுதியவர்களே எழுதியவை, கமெண்டுகள் தராத முழுப் படத்தைத் தருபவை. பலர் கருவியைத் தேடி அலைந்து இவற்றைத் திறக்காமலே விடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

கீ ஷேர் ஏன் வந்தது என்று அறிய "ஆர்ஐ_டிரிக்கர்ஸ்" ஃபைல் மேல் கிட் லாகுக்கு "-எஸ்" (பெரிய எழுத்து) கொடுத்து அந்தச் சொல்லைத் தேடுங்கள். அந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்ற எண்ணிக்கை மாறிய கமிட்டுகளை மட்டும் அது காட்டும். 2013 ஜனவரியில் நுழைந்த கமிட் வரும், பதிப்பு 9.3-இல் வெளியானது. கமிட் செய்தியையே முழுதாகப் படியுங்கள். அண்மைக்காலக் கமிட்டுகள் என்றால் செய்தியின் அடியில் "டிஸ்கஷன்" என்று அஞ்சல் பட்டியலுக்கான சுட்டியும் இருக்கும். ஏன் இப்படிச் செய்தார்கள், எதை நிராகரித்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான்.

பிளேம் (ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றிய கமிட்) பார்ப்பதாக இருந்தால், முதலில் "பிளேம்.இக்னோர்ரெவ்ஸ்ஃபைல்" செட்டிங்கில் ரெப்போவிலேயே இருக்கும் "கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ்" ஃபைலைக் கொடுங்கள் (பெயரின் முன்னால் புள்ளி உண்டு). இல்லாவிட்டால் பாதி வரிகளுக்கு பிஜிஇண்டென்ட் (கோடின் வடிவத்தைச் சீராக்கும் கருவி) ஓட்டிய கமிட்தான் விடையாக வரும். டெப்த் 1 வைத்துக் குளோன் செய்திருந்தால் வரலாறே இருக்காது. "ஃபெட்ச் --அன்ஷேலோ" செய்துவிட்டு வாருங்கள்.

#13 · குறியீட்டுவேலன்

அந்த நிபந்தனை "ஹீப்_அப்டேட்" ஃபங்ஷனில் இருக்கிறது. இங்கே பாயிண்டர் தொல்லை இல்லை, நேரடி அழைப்புகள்தான். கிளாங்டியில் வரையறைக்குத் தாவிக்கொண்டே போகலாம்.

மாற்றிய பத்திகளின் பிட்மேப்பையும் "கீ_ஆட்ர்ஸ்" பிட்மேப்பையும் ஒப்பிடும் ஓர் இஃப் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடாவிட்டால் மென்மையான பூட்டு, அது கீ ஷேரோடு மோதாது. தொட்டால் முழுப் பூட்டு. "கீ_ஆட்ர்ஸ்" எங்கிருந்து வருகிறது என்று தாவுங்கள்: "ரிலேஷன்கெட்இண்டெக்ஸ்ஆட்ர்பிட்மேப்", ஃபைல் ரெல்கேஷ். அங்கே எந்த இண்டெக்ஸ் கீயாகக் கணக்கில் வரும் என்று மூன்று நிபந்தனைகள்: யூனிக், எக்ஸ்பிரஷன் இல்லாதது, வேர் நிபந்தனை இல்லாதது.

உங்கள் ஃபாரின் கீ சுட்டும் பத்தி மட்டும் என்று அங்கே எங்கும் இல்லை. ஃபாரின் கீ சுட்டக்கூடிய எந்த யூனிக் இண்டெக்ஸின் பத்தியாக இருந்தாலும் கீதான். பேரண்டில் வேறு யூனிக் பத்தி ஏதாவது அப்டேட் ஆகிறதா?

#14 · புதுக்கிளை

ஆகிறது. "குறியீடு" என்று ஒரு பத்தி, யூனிக். இன்னொரு ஜாப் அதன் மதிப்பை மாற்றுகிறது. ஃபாரின் கீ அதைச் சுட்டவில்லை என்பதால் கணக்கிலேயே எடுக்கவில்லை.

சோதனைச் சர்வரில் இரண்டு செஷன் வைத்துப் பார்த்தேன். முதல் செஷனில் ரிப்பீட்டபிள் ரீட் தொடங்கி ஒரு செலக்ட். இரண்டாவதில் பேரண்டின் குறியீட்டை மாற்றிக் கமிட். முதலில் சைல்டில் இன்சர்ட்: ஒவ்வொரு முறையும் அதே பிழை. இரண்டாவதில் யூனிக் இல்லாத பத்தியை மாற்றினால் பிழை இல்லை.

#15 · நிறுத்தப்புள்ளி

அதே இரண்டு செஷனை "ஹீப்_அப்டேட்"டில் பிரேக்பாயிண்ட் வைத்து இன்னொரு முறை ஓட்டுங்கள், இரண்டாவது செஷனின் பேக்எண்டில். வேலன் சொன்ன இஃப் வரை "நெக்ஸ்ட்" அடித்து எந்தக் கிளையில் நுழைகிறது என்று பாருங்கள். அதே கோடு டெலீட்டுக்கு வேறு: "ஹீப்_டெலீட்" பத்திகளை ஒப்பிடுவதில்லை, எப்போதும் முழுப் பூட்டுதான். ஆகவே அந்த ஜாப் பேரண்ட் வரியை அழித்தாலும் லொகேஷன் வரியில் இதே ஃபங்ஷன் பெயர்தான் வரும். எக்ஸெக்லாக்ரோஸில் இரண்டு நிலைக்கும் ஒரே செய்திதான், "அப்டேட்" என்றுதான் எழுதியிருக்கும். வரி எண்ணைப் பார்த்தால் எது என்று பிரியும்.